கலங்கல் தெளிய எத்தனை நாள்?

ரொம்ப நாளா இந்தப் பக்கம் தலைகாட்டல. தீசிஸ் ஆணி அதிகம். போன வாரம் சாட்ல வந்த நண்பர் ஒருத்தர், "அப்படி என்னதான்யா பண்ற சோஹார்ல, ஒட்டகம் மேய்க்கிறியா?"ன்னு கேட்டார். "சேத்துத் தண்ணி தெளியறதை உக்காந்து வேடிக்கை பாக்குறேன்"னு சொன்னேன். அவர் சிரிச்சார். எனக்குச் சிரிப்பு வரல, ஏன்னா உண்மையிலயே அதுதான் என் வேலை. ஆளுயர அக்ரிலிக் குழாய், அதுல கலங்கல் தண்ணி, பக்கத்துல ஒரு ஸ்டூல், ஸ்டூல்ல நான். சம்பளம் கிடையாது :-)

சரி, அது என்ன வேலைன்னு இன்னிக்கு எழுதிடலாம்னு உக்காந்தேன். எழுத வச்சது அப்பாவோட ஒரு போன். அதுக்கு அப்புறமா வரேன். முதல்ல சோஹார்.

ஓமன் வரைபடத்துல மஸ்கட்லேர்ந்து கடலோரமாவே வடமேற்கா வந்தா சோஹார். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் ஹஜர் மலை, நடுவுல பாத்தினா சமவெளி. சிந்துபாத் இந்த ஊர்க்காரன்னு இங்க எல்லாரும் சொல்லுவாங்க. கதையில வர்ற ஆளுக்குச் சொந்த ஊர் எதுன்னு நான் சண்டைக்குப் போறதில்ல. மலையிலேர்ந்து கடலை நோக்கி வர்ற காட்டாறுகளுக்கு அரபியில 'வாதி'ன்னு பேரு (பிரதிவாதி எல்லாம் கிடையாதுங்க). வருஷத்துல முக்கால்வாசி நாள் வெறும் கூழாங்கல். ஒரு மழை பெஞ்சா சில மணி நேரத்துல அதே வாதி லாரியைப் புரட்டிப் போடும்.

அந்த வெள்ளம் அப்படியே கடலுக்குப் போனா யாருக்கும் லாபம் இல்ல. பாத்தினா முழுக்க விவசாயம் கிணத்துத் தண்ணியை நம்பித்தான். நிலத்தடி நீரை அளவுக்கு மேல இறைச்சதுல கடல் தண்ணி உள்ள ஏறிடுச்சு. கூடப் படிக்கிற ஓமானிப் பையன் ஒருத்தன் ஷஹாம் பக்கம் இருக்கிற தாத்தாவோட தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போனான். கடலை ஒட்டின வரிசைப் பேரீச்ச மரங்கள் தலையில்லாம வெறும் கம்பமா நிக்குது. கிணத்துத் தண்ணியை வாயில வச்சுப் பாத்தேன். நம்ம ராமநாதபுரத்துக் கரையோரக் கிணறு தோத்துப் போகும்.

அதனால இங்க 1980கள்லேர்ந்து 'ரீசார்ஜ் அணை' கட்ட ஆரம்பிச்சாங்க. மஸ்கட் பக்கம் அல் கூத்ல 1985ல ஒண்ணு. சோஹாருக்குப் பின்னாடி, புரைமி போற வழியில, வாதி ஜிஸ்ஸிக்குக் குறுக்கா 1989ல ஒண்ணு. மேட்டூர் மாதிரி தண்ணியைத் தேக்கி வச்சுக்கிற அணை இல்ல இது. வெள்ளத்தைக் கொஞ்ச நாள் மறிச்சு நிறுத்தும். சேறு அடியில படியும். தெளிஞ்ச தண்ணியைக் கீழ்ப்பக்கம் மெதுவா விடுவாங்க, அது கூழாங்கல் படுகை வழியா நிலத்துக்குள்ள இறங்கும். அணைக்குள்ள நிக்கிற தண்ணியும் அப்படியே கீழ இறங்கணும். கேக்கறதுக்கு ரொம்ப அழகான யோசனை.

சிக்கல் எங்கேன்னா அந்தச் "சேறு அடியில படியும்"ங்கற வரியில. படியற சேறே படுகையோட வாயை அடைச்சுடுது. ஒவ்வொரு வெள்ளத்துக்கும் ஒரு அடுக்கு. அடுத்து வர்ற தண்ணி கீழ இறங்க வழியில்லாம நின்னு, வெயில்ல ஆவியாகுது. சுல்தான் காபூஸ் பல்கலைக்கழகத்து ஆட்கள் அல் கூத் அணைக்குள்ள குழி வெட்டி இந்த அடுக்குகளைப் பத்தி நிறைய எழுதியிருக்காங்க. காஞ்ச நாள்ல அணைக்குள்ள நடந்து பாத்தீங்கன்னா, தரை முழுக்க அப்பளம் மாதிரி வெடிச்சு ஓரம் மடங்கின களிமண் தகடுகள். மிதிச்சா நொறுங்கும். மேல் தகடு வழவழன்னு இருக்கும், அடிப்பக்கம் தடவினா சொரசொரன்னு மணல். ஒரு தகடு ஒரு வெள்ளத்தோட கதை.

என் தீசிஸ் இதுதான்: வெவ்வேற அளவுத் துகள்கள் கலந்த ஒரு கலங்கல் தண்ணிக்குள்ள எப்படி நகருது, எது எப்ப எங்க படியுதுன்னு கம்ப்யூட்டர்ல கணக்குப் போடறது.

ஆரம்பத்துல நான் இதை ரெண்டு வாரத்து வேலைன்னு நினைச்சேன். ஸ்டோக்ஸ் 1851லயே சூத்திரம் கொடுத்துட்டார். மனுஷன் யோசிச்சது சேத்தைப் பத்தி இல்ல, கடிகாரப் பெண்டுலத்தைக் காத்து எவ்வளவு இழுத்துப் பிடிக்குதுன்னு. அதுல ஒரு ஓரமா, தண்ணிக்குள்ள விழற ஒரு குட்டி உருண்டையோட வேகமும் கிடைச்சுது. அந்த வேகம் விட்டத்தோட வர்க்கத்தைப் பொறுத்தது. விட்டம் பத்துல ஒரு பங்கானா வேகம் நூறுல ஒரு பங்கு. இந்த 'வர்க்கம்'தான் வில்லன், கவனிச்சுக்கோங்க.

3 மீட்டர் ஆழத் தண்ணின்னு வச்சுப்போம். 100 மைக்ரான் (அதாவது 0.1 மி.மீ.) மணல் மேல்மட்டத்துலேர்ந்து தரைக்கு வர ஏறக்குறைய 6 நிமிஷம். 10 மைக்ரான் வண்டல் வர 9 மணி நேரம். 1 மைக்ரான் களிமண் வர? 38 நாள். அதுவும் தண்ணி துளிகூட அசையாம இருந்தா. காத்தடிச்சா, வெயில்ல தண்ணி கொஞ்சம் புரண்டா, அந்தக் கணக்கும் போச்சு.

இப்ப நான் பண்ணின கூத்து. மண் பரிசோதனையில எல்லாரும் ஒரு எண் எடுப்பாங்க, டி-50ன்னு. எடையில பாதி மண் இந்த அளவுக்குக் கீழ, பாதி இதுக்கு மேல. அந்த ஒத்தை எண்ணை எடுத்து, "என் வாதியில இருக்கிற துகள் எல்லாம் இந்த அளவு"ன்னு வச்சு மாடலை ஓட்டினேன். பளிச்சுன்னு தெளிஞ்சுது தண்ணி! படுகை அடைக்கவே இல்ல. வண்ண வண்ணப் படம் எல்லாம் போட்டு என் வழிகாட்டிகிட்ட கொண்டு போய்க் காட்டினேன். சூடான்காரர், குரலை உசத்தவே மாட்டார். படத்தைப் பாத்துட்டு, "அணைக்கு ஒருதரம் போயிட்டு வாயேன்"னார். அவ்ளோதான். போய்ட்டு வந்த அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல.

ஏன் தப்புன்னு சின்ன உதாரணத்துல சொல்றேன். எடையில பாதி 100 மைக்ரான் மணல், மீதிப் பாதி 1 மைக்ரான் களிமண். சராசரி கிட்டத்தட்ட 50 மைக்ரான். சராசரியை நம்பினா 22 நிமிஷத்துல தண்ணி மொத்தமும் தெளிஞ்சிரும். நிஜத்துல 6 நிமிஷத்துல பாதி விழுந்துடும், மீதிப் பாதி ஒரு மாசம் கழிச்சும் மிதக்கும். 22 நிமிஷத்துல விழற துகள்னு அந்தத் தண்ணியில ஒண்ணே ஒண்ணுகூடக் கிடையாது! அப்பாவுக்கு 58, அண்ணன் பையனுக்கு 2, ரெண்டு பேருக்கும் சராசரியா 30 வயசுச் சட்டை தைச்ச மாதிரி.

இன்னொண்ணு. கடைசியா விழற அந்தப் பொடி எடையில கொஞ்சமா இருக்கலாம். ஆனா அதுதான் எல்லாத்துக்கும் மேல போய்ப் படியும். மணல் வழியாத் தண்ணி இறங்கற வேகத்தோட ஒப்பிட்டா களிமண் வழியா இறங்கறது ஆயிரக்கணக்கு மடங்கு, சில சமயம் லட்சக்கணக்கு மடங்கு மெதுவு. கீழ எத்தனை மீட்டர் நல்ல மணல் இருந்தாலும், மேல விரக்கடை களிமண் உக்காந்தா தண்ணிக்கு அதுதான் சட்டம்.

சரின்னு மாடலைப் பிரிச்சேன். துகளை 12 வகுப்பாப் பிரிச்சு, ஒவ்வொரு வகுப்புக்கும் தனிச் சமன்பாடு. பிரச்சனை தீர்ந்துதான்னா, இல்ல. ஏன்னா துகள்கள் தனித்தனியா விழறதில்ல, கூட்டமா விழுது. ஒண்ணு விழும்போது அது தள்ளின தண்ணி மேல வரணும். அந்த மேல்வரத்து அடுத்த துகளைப் பிடிச்சுத் தாமதப்படுத்தும். 1954ல ரிச்சர்ட்சனும் ஸாக்கியும் இதைச் சோதனை பண்ணி ஒரு எளிய விதி சொன்னாங்க. தண்ணியில பத்துல ஒரு பங்கு துகள் இருந்தா வேகம் 60 சதவீதம் சொச்சமாக் குறையும். அஞ்சுல ஒரு பங்கு இருந்தா மூணுல ஒரு பங்கு வேகம்தான் மிஞ்சும்.

கலப்பு அளவுல இன்னும் வேடிக்கை. பெரிய துகள்கள் தடதடன்னு இறங்கும்போது அதுங்க தள்ளற தண்ணி, குட்டித் துகளை மேல தூக்கிட்டுப் போகும். தண்ணியை விடக் கனமான களிமண் துகள் கொஞ்ச நேரம் மேல் நோக்கிப் போகும்! ஸ்டோக்ஸ் சூத்திரத்தை மட்டும் நம்பினா இதை நீங்க பாக்கவே முடியாது. இதை எல்லாம் சேர்த்து எழுதற வழியை 1979ல மஸ்லியா கொடுத்தார். என் மாடல் அதுலதான் ஓடுது.

இதுக்கு நேரெதிரா ஒண்ணு இருக்கு, வீட்டுலயே பாக்கலாம். ஒரு உயரமான கண்ணாடி டம்ளர்ல தெளிஞ்ச தண்ணி எடுத்து, மேல ஒரு சொட்டு சேத்துத் தண்ணியை மெதுவா விடுங்க. அந்தச் சொட்டு ஒரே மேகமா, காளான் குடை மாதிரி விரிஞ்சு, விறுவிறுன்னு இறங்கும். தனியா விட்டா நாள்கணக்குல மிதக்க வேண்டிய துகள், கூட்டத்தோட சேந்து நிமிஷத்துல தரைக்கு வந்துடும். டம்ளர் முழுக்கச் சேறா இருந்தா கூட்டம் தடை. தெளிஞ்ச தண்ணி நடுவுல ஒரு மேகமா இருந்தா கூட்டமே வேகம். ஒரே துகள், ஒரே தண்ணிதான். இடம் மாறினா விதி மாறுது. இந்தத் துறை என்னைப் பிடிச்சுக்கிட்டது இந்த இடத்துலதான். எல்லாத் துகளும் ஒரே அளவு, தண்ணியில ரொம்பக் கொஞ்சம் துகள்தான், அப்படி ஒரு லேசான நிலைக்குக்கூட முதல் திருத்தத்தைச் சரியாக் கணக்குப் போட 1972ல பேட்ச்சிலர் வர வேண்டியிருந்தது. ஸ்டோக்ஸுக்கு அப்புறம் 121 வருஷம்.

காபூரால நம்ம பரமக்குடி அண்ணன் ஒருத்தர் கடை வச்சிருக்கார். மஸ்கட் போற வழியில அங்க டீ குடிக்காமப் போனா கோச்சுக்குவார். சுவத்துல நெஞ்சுயரத்துக்கு ஒரு கோடு இன்னும் இருக்கு. பெயின்ட் அடிச்சும் தெரியுது. 2021 அக்டோபர் 3 ராத்திரி, ஷாஹீன் புயல். நம்ம வங்காள விரிகுடாவுல 'குலாப்'னு பொறந்து, ஆந்திரா பக்கம் கரையேறி, இந்தியாவைக் குறுக்கால கடந்து, அரபிக்கடல்ல 'ஷாஹீன்'ன்னு பேரை மாத்திக்கிட்டு இங்க வந்தது. காபூரால 300 மி.மீ.க்கு மேல மழை. இங்க மூணு வருஷத்துல பெய்யற மழையை விட அதிகம். நான் அப்ப இந்த ஊருக்கு வரல.

"தண்ணி வடிஞ்சப்புறம் முழங்காலுக்குச் சேறு தம்பி. மேல வெண்ணெய் மாதிரி, வழுக்கிவிட்டுரும். சட்டியில அள்ளி வெளிய கொட்டுனா அடியில பூரா மணலு. வாசக்கிட்ட மணலு ஜாஸ்தி, உள்ள அரிசி மூட்டை வச்சிருந்த ரூம்ல ஒரே களி."

அவர் சொல்லச் சொல்ல எனக்குக் கை நடுங்குச்சு. என் மாடல் சொல்ற அதே வரிசை. வேகம் இருந்த வாசல்ல பெருசு, தண்ணி தேங்கின உள் அறையில பொடி. ஒவ்வொரு இடத்துலயும் கீழ பெருசு, மேல பொடி. அவரோட நஷ்டத்தை நான் சோதனை முடிவு மாதிரி சந்தோஷமாக் கேட்டுட்டிருந்தேன்னு பாதியில உறைச்சுது. "எவ்ளோண்ணே போச்சு?"ன்னு கேட்டேன். தொகையைச் சொல்லல. "டீ ஆறுது, குடி"ன்னார்.

இப்ப அப்பா போன்.

எங்க ஊர் சிவகங்கைச் சீமை. ஊருக்கு ஒரு கண்மாய். 2017ல குடிமராமத்து திட்டம் மறுபடி ஆரம்பிச்சப்போ கண்மாய்கள்ல வண்டல் அள்ள விவசாயிகளுக்கு அனுமதி குடுத்தாங்க. நல்ல விஷயம்தான், நாங்களும் வண்டி வண்டியா அடிச்சு வயல்ல போட்டோம். அதுக்கு சில வருஷம் கழிச்சு ஒரு ஒப்பந்தக்காரர் தூர்வாரறேன்னு மெஷினோட வந்தார். லாரி நிக்க வசதியா கரையை ஒட்டியே ஆழமாத் தோண்டினார். வண்டல் முடிஞ்சு களிமண் போய், அடியில மணல் தெரியற வரைக்கும். மணலுக்கு யார் எவ்வளவு குடுத்தாங்கங்கறது ஊருக்கே தெரியும், இங்க வேணாம்.

"தம்பி, இந்த வருசமும் கண்மா பெருகுச்சுப்பா. ஆனா தை பொறக்க முன்னாடியே வத்திருச்சு. முன்னெல்லாம் மாசி வரைக்கும் நிக்கும்ல? நீதான் அங்க சேறு சகதின்னு படிக்கிறியே, இது மறுபடி தண்ணி நிக்க எத்தன வருசமாகும்? சொல்லு, நாத்து விடணுமா வேணாமான்னு முடிவு பண்ணனும்."

எத்தனையோ செமினார்ல கேள்வி கேட்டிருக்காங்க. இந்த மாதிரி ஒரு கேள்வி யாரும் கேட்டதில்ல. இங்க களிமண் உக்காந்து தண்ணி இறங்க மாட்டேங்குதுன்னு புலம்பல். அங்க களிமண்ணை அள்ளிட்டதால தண்ணி நிக்க மாட்டேங்குதுன்னு புலம்பல். ஒரே 1 மைக்ரான் பொடி!

ஒண்ணு மட்டும் அப்பாவுக்கு உடனே சொல்ல முடிஞ்சுது. வரத்துக்கால் வாயில பெருசு விழும், கரைப்பக்கம் ஆழத்துல வேகம் செத்த தண்ணியிலதான் பொடி படியும். அதாவது அவர் தோண்டினது சரியா களிமண் தேங்கற இடம். பல தலைமுறை வெள்ளம் கொண்டு வந்து பூசின பூச்சு அது. அதுவா மறுபடி படியட்டும்னு காத்திருக்கறதை விட, களிமண் கொண்டு வந்து குழியில போட்டு, ஈரத்துல மாடு விட்டு மிதிச்சா சீக்கிரம். "அது எங்களுக்கே தெரியும்டா, வருசத்தைச் சொல்லு"ன்னார் அப்பா.

பழைய ஆட்களுக்கு இது தெரியாம இல்ல. புதுக்கோட்டைப் பக்கம் கண்மாய்க்குள்ள ரெண்டு கல்தூண் நிக்கறதைப் பாத்திருப்பீங்க, குமிழித்தூம்பு. அதுல நீரோடித் துளைன்னு ஒண்ணு, அடியில சேறோடித் துளைன்னு ஒண்ணு. பாசனத் தண்ணியோட கொஞ்சம் அடிச்சேறும் வயலுக்குப் போகும். இது ஏரி முழுக்கத் தானாவே தூர்வாரிடும்னு இணையத்துல சுத்தற கதையை நான் நம்பல. ஒரு துளை தன் வாயைச் சுத்தி ஒரு புனல் அளவுக்குத்தான் சேத்தை இழுக்க முடியும். ஆனா தண்ணிக்கு ஒரு வழி, சேத்துக்கு ஒரு வழின்னு கல்லுல யோசிச்சிருக்காங்களே, டி-50 வச்சு மாடல் ஓட்டின எனக்கு அது போதும்.

வருஷத்தைச் சொல்லணும்னா எங்க கண்மாய் மண்ணு வேணும். திருச்சியிலேர்ந்து வந்த ஒருத்தர்கிட்ட, மஞ்சத்தூள் பாக்கெட்டுக்கு நடுவுல ஒரு கிலோ குடுத்துவிட்டார் அப்பா. ஏர்போர்ட்ல என்ன சொல்லி எடுத்துட்டு வந்தார்னு நான் கேக்கல.

மண்ணைக் கலக்கும்போதுதான் என்னோட ரெண்டாவது தப்பு பிடிபட்டுது. ஆய்வக வழக்கப்படி, துகள் அளவு பாக்கறதுக்கு முன்னாடி சோடியம் ஹெக்ஸாமெட்டாபாஸ்பேட்னு ஒரு உப்பைப் போடுவோம். அது களிமண் துகள்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டாமப் பிரிச்சு வைக்கும். அளவு எடுக்க அது சரி. ஆனா படியற வேகத்தைப் பாக்கற குழாய்லயும் அதே கலவையை ஊத்திட்டிருந்திருக்கேன், ஒரு வருஷமா! வாதித் தண்ணியில கால்சியம், மக்னீசியம் எல்லாம் உண்டு. அங்க களிமண் பிரிஞ்சு நிக்காது, திரண்டு பொதி பொதியா ஆகும். 38 நாள்ல விழற துகள் திரண்டா மணிக்கணக்குல விழுந்துடும். தண்ணி சீக்கிரம் தெளியும், படுகையும் சீக்கிரம் அடைக்கும். ஆத்தா மண்பானைக்குள்ள தேத்தாங்கொட்டையை உரசித் தண்ணி ஊத்தி வைக்கும், காலையில பானை தெளிஞ்சிருக்கும். அது பண்ணினது துகளைத் திரட்டற வேலை. நான் அதுக்கு நேரெதிரா, திரளவிடாம மருந்து போட்டு வச்சுக்கிட்டு "தண்ணி தெளியலையே"ன்னு ஸ்டூல்ல உக்காந்திருக்கேன். வழிகாட்டிகிட்ட சொன்னேன். இந்தத் தடவை அவரே சிரிச்சுட்டார்.

இப்ப ரெண்டு குழாய் ஓடுது. ஒண்ணுல வாதி ஜிஸ்ஸி மண்ணு, அங்கயே கிணத்துலேர்ந்து எடுத்த தண்ணி. இன்னொண்ணுல எங்க கண்மாய் மண்ணு. அதுக்கு எங்க ஊர்த் தண்ணி கிடைக்கல, அதனால வடிச்ச தண்ணியில கலந்திருக்கேன். அது மழைத்தண்ணிக்குத்தான் கிட்ட, கண்மாய்த் தண்ணிக்கு இல்ல. அடுத்து யாராவது ஊர்லேர்ந்து வந்தா ரெண்டு லிட்டர் கொண்டு வரச் சொல்லணும்.

வாதிக் குழாய் மறுநாள் காலையிலயே தெளிஞ்சிடுச்சு. எங்க ஊர்க் குழாய்க்கு இன்னிக்கு 11வது நாள். மேல ஒரு நாலு விரக்கடை தெளிவு, அதுக்குக் கீழ இன்னும் டீத்தண்ணி நிறம். அப்பா நேத்தும் போன் பண்ணார். "இன்னும் படியலப்பா"ன்னேன். "சரி, படியட்டும்"ன்னு வச்சுட்டார்.